மலைமேல் வீட்டுக்கு சாட்டிலைட் நெட்: எத்தனை ஜிபி எடுப்பது?

கேள்வி: நான் அரசுப் பள்ளி ஆசிரியை. ஒடுகத்தூருக்கு மேலே, பீஞ்சமந்தை பக்கம் ஒரு சின்ன மலை ஊரில் வீடு. செல்போன் சிக்னல் மொட்டைமாடியில் நின்றால் ஒரு கோடு வரும். வீட்டில் ஆறு பேர். மாமனாருக்கு சீரியலும் கிரிக்கெட்டும் பெரிய டிவியில் வேண்டும். மகளுக்கு நீட் ஆன்லைன் வகுப்பு. மகனுக்கு யூடியூப், கேம். சனி, ஞாயிறு எல்லோரும் உட்கார்ந்து 4கே டிவியில் படம் பார்க்க ஆசை. கணவர் ஆட்டுப்பட்டியில் ஒரு வைஃபை கேமரா வைக்கணும் என்கிறார். வேலூரில் ஒரு டீலர் சாட்டிலைட் இன்டர்நெட் வரப்போகிறது என்று 100 ஜிபி, 200 ஜிபி, 'அன்லிமிடெட்' என மூன்று பிளான் காட்டினார். "100 எம்பிபிஎஸ் ஸ்பீடு, நாலு டிவி ஓடும்" என்று சொல்லி முன்பணம் கேட்கிறார். மலேசியாவில் இருக்கும் என் தம்பியோ, அங்கிருந்தே ஒரு ஸ்டார்லிங்க் (எலான் மஸ்க் கம்பெனியின் சாட்டிலைட் இன்டர்நெட்) செட் வாங்கி வருகிறேன் என்கிறான். எதை எடுப்பது?

பதில்:

வணக்கம் டீச்சர். முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். தம்பியிடமும் செட் வேண்டாம் என்று இன்றைக்கே சொல்லிவிடுங்கள். இந்த இரண்டும் அவசரம் என்பதால் முதலில் சொன்னேன். ஏன் என்பதைப் பின்னால் பார்க்கலாம். நீங்கள் கேட்ட பிளான் கணக்கை முதலில் போட்டுவிடுவோம்.

எம்பிபிஎஸ் என்பது நெட்டின் வேகம், ஜிபி என்பது மாதத்துக்கான மொத்த அளவு. டீலர் சொன்ன 100 எம்பிபிஎஸ் உங்கள் வீட்டுக்குத் தேவைப்படாத எண். முழு எச்டி படத்துக்கு 5 எம்பிபிஎஸ், 4கே படத்துக்கு 15 எம்பிபிஎஸ் இருந்தால் போதும் என்று நெட்ஃப்ளிக்ஸே சொல்கிறது. ராத்திரி எட்டு மணிக்கு ஹாலில் 4கே படம், உள்ளறையில் எச்டியில் மேட்ச், மகளுக்கு வகுப்பு, மகன் கையில் யூடியூப் என்று நாலும் ஒரே நேரத்தில் ஓடினாலும் முப்பதுக்குள் அடங்கிவிடும். அதற்கு மேல் எவ்வளவு வேகம் கொடுத்தாலும் படம் கூடுதலாகத் தெளியப்போவதில்லை. இன்னொரு பக்கம் பாருங்கள்: 100 எம்பிபிஎஸ் வேகத்தில் விடாமல் இழுத்தால் 200 ஜிபி நாலரை மணி நேரத்தில் காலி. மாதம் முழுவதற்கும் வாங்கியது ஒரே மதியத்தில் தீர்ந்துவிடும். மகன் பெரிய கேம்களை அடுத்தடுத்து டவுன்லோடு போட்டால் இது நிஜமாகவே நடக்கலாம். அதனால் பிளான் அட்டையில் எம்பிபிஎஸ் என்ற வரியைக் கையால் மறைத்துவிட்டு, எத்தனை ஜிபி, அது தீர்ந்தால் என்ன ஆகும் என்ற இரண்டை மட்டும் படியுங்கள்.

சரி, உங்கள் வீட்டுக்கு எத்தனை ஜிபி? எச்டியில் ஒரு மணி நேரம் பார்த்தால் சுமார் 3 ஜிபி போகும். 4கே என்றால் 7 ஜிபி. தரத்தைக் குறைத்து, பழைய டிவிடி அளவுத் தெளிவில் பார்த்தால் 0.7 ஜிபி. ஆப்புக்கு ஆப் கொஞ்சம் மாறும், ஆனால் கணக்குப் போட இது போதும்.

மாமனார் தினம் நாலு மணி நேரம் எச்டியில் பார்க்கிறார் என்று வையுங்கள். ஒரு நாளைக்கு 12, மாதத்துக்கு 360 ஜிபி. மகளின் வகுப்பு தினம் மூன்று மணி நேரம், குறைந்த தரத்தில், மாதம் 63. மகன் இரண்டு மணி நேரம், எச்டிக்குக் கொஞ்சம் கீழே, மணிக்கு ஒன்றரை என்று போட்டால் 90. சனி, ஞாயிறு இரண்டு மணி நேர 4கே படம், மாதத்தில் எட்டு நாள், 112. வாட்ஸ்அப், போன் அப்டேட், போட்டோ பேக்கப் என்று ஒரு 50. கூட்டினால் 675 ஜிபி. கேமராவை இன்னும் சேர்க்கவில்லை.

அந்தக் கேமரா விஷயத்தில் கணவரிடம் கொஞ்சம் கண்டிப்பாகவே பேசணும். 2 எம்பிபிஎஸ் அளவில் ராத்திரி பகலாக கிளவுடுக்கு வீடியோ அனுப்பும் ஒரு கேமரா, ஒரு நாளைக்கு 21 ஜிபிக்கு மேல் தின்னும். மாதத்துக்கு 650 ஜிபி. வீட்டில் ஆறு பேர் பார்ப்பதை ஆட்டுப்பட்டி ஒன்றே பார்த்துவிடும். மெமரி கார்டு போடும் கேமராவாக வாங்குங்கள். கிளவுடு பதிவை அணைத்துவிட்டு, அசைவு தெரிந்தால் ஒரு படம் மட்டும் போனுக்கு வரும்படி வையுங்கள். திருட்டுக்கு அது போதும். சிறுத்தைக்கும் போதும்.

இப்போது 360 ஜிபிக்கு வருவோம். சீரியலும் கிரிக்கெட்டும் நெட்டில் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. அவை டிவி சேனலில் வருபவை. டிடிஎச் டிஷ்ஷில் வானத்திலிருந்து ஒரே ஒரு அலை இறங்குகிறது. அதைப் பத்து வீடு பிடித்தாலும் பத்து லட்சம் வீடு பிடித்தாலும் மேலே இருக்கும் செயற்கைக்கோளுக்குக் கூடுதல் வேலை இல்லை. உங்களுக்கும் ஜிபி கணக்கு இல்லை. அதே மேட்ச்சை ஆப்பில் பார்த்தால் உங்கள் வீட்டுக்கு என்று தனியாக ஒரு பிரதி கீழே இறங்க வேண்டும். இஸ்ரோவின் ஜிசாட்-என்2 செயற்கைக்கோள், 2024 நவம்பரில் அமெரிக்காவிலிருந்து ஃபால்கன்-9 ராக்கெட்டில் போனது, இந்தியா முழுவதற்கும் சேர்த்து 48 ஜிபிபிஎஸ், அதாவது 48,000 எம்பிபிஎஸ், கொள்ளளவு கொண்டது. கேட்கப் பெரிதாக இருக்கும். அதை எச்டி டிவிக்கான 5 எம்பிபிஎஸ்ஸால் வகுத்துப் பாருங்கள்: ஒரே நேரத்தில் 9,600 டிவி. வேலூரில் காட்பாடியிலிருந்து பாகாயம் வரைக்குமே அதைவிட அதிகம் டிவி இருக்கும். சாட்டிலைட் கம்பெனிகள் ஜிபி விஷயத்தில் கஞ்சத்தனம் காட்டுவதற்குக் காரணம் இதுதான், பேராசை மட்டும் இல்லை.

ஆகவே மாமனாருக்கு ஒரு டிடிஎச் இணைப்பு. மாதச் சந்தா வேண்டாம் என்றால் டிடி ஃப்ரீ டிஷ் இருக்கிறது, ஆனால் அவர் கேட்கும் சீரியல் எல்லாம் அதில் கிடைக்காது. வீட்டில் அமைதி வேண்டும் என்றால் காசு கொடுத்து தமிழ் பேக்கும் ஸ்போர்ட்ஸ் சேனலும் போட்டுவிடுங்கள். இந்த ஒரு முடிவிலேயே 675 ஜிபி 315 ஆகிவிடுகிறது.

மிச்சத்தையும் கொஞ்சம் இறுக்கலாம். மகனின் போனில் யூடியூப் தரத்தை 480-ல் நிறுத்துங்கள். அந்தத் திரை அளவுக்கு அது போதும், முதல் இரண்டு நாள் முனகுவான், அப்புறம் மறந்துவிடுவான். அவன் கணக்கு 42 ஜிபிக்கு வந்துவிடும். வார இறுதிப் படத்தை 4கே விட்டு எச்டியில் பார்த்தால் 112 என்பது 48 ஆகும். அப்டேட், பேக்கப் எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்தினால் 30. மகளின் 63-ல் கை வைக்க வேண்டாம். எல்லாம் சேர்த்து 183 ஜிபி. டீலர் காட்டிய மூன்றில் 200 ஜிபி உங்கள் வீட்டுக்குச் சரியான அளவு. 100 எடுத்தால் மாத நடுவிலேயே சண்டை வரும்.

நெட்ஃப்ளிக்ஸ் வைத்திருந்தால் ஒரு சின்னத் தந்திரம்: பேசிக் பிளான் 720 தரத்துக்கு மேல் போகாது. டேட்டாவுக்குத் தானாகவே ஒரு கடிவாளம், சந்தாவும் குறைவு. அப்புறம், வெள்ளிக்கிழமை ஒடுகத்தூர் ஆட்டுச் சந்தைக்கு வீட்டிலிருந்து யாராவது இறங்குவார்கள் அல்லவா? மகளின் டேப்லெட்டையும் கையில் கொடுத்து அனுப்புங்கள். கீழே சொந்தக்காரர் வீட்டு ஃபைபரில் அந்த வார வகுப்பு வீடியோக்களையும் இரண்டு படங்களையும் டவுன்லோடு செய்துகொண்டு வந்தால், மலைமேல் அவற்றுக்கு ஒரு ஜிபி கூடச் செலவில்லை. பயிற்சி மையத்தின் ஆப் டவுன்லோடை அனுமதிக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

'அன்லிமிடெட்' என்ற மூன்றாவது பிளானைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லணும், ஏனென்றால் மக்கள் அதிகம் ஏமாறுவது அங்கேதான். அன்லிமிடெட் என்றால் இணைப்பு அறுந்து போகாது என்று மட்டுமே அர்த்தம். ஒரு அளவுக்குப் பிறகு வேகத்தைக் குறைப்பார்கள். எஃப்யூபி (நியாயப் பயன்பாட்டு வரம்பு) என்று சின்ன எழுத்தில் இருக்கும். கீழே தரையில் ஓடும் ஃபைபர் பிளான்களிலும் இது உண்டு, ஆனால் அங்கே எல்லை பெரும்பாலும் மாதம் 3,300 ஜிபி என்பதால் சாதாரண வீட்டுக்குத் தெரியவே தெரியாது. சாட்டிலைட்டில் அந்த எல்லை மிகச் சீக்கிரம் வரும்.

வேகம் எவ்வளவுக்குக் குறையும் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 2 எம்பிபிஎஸ் என்றால் பரவாயில்லை, மகளின் வகுப்பு ஓடும், ஒரே ஒரு திரை தாங்கும். 1 எம்பிபிஎஸ் என்றால் வகுப்பு தடுமாறும். 64 கேபிபிஎஸ் என்று எழுதியிருந்தால் வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ திறப்பதற்குள் காபி ஆறிவிடும். வேறொரு வகையும் உண்டு: வேகத்தை நேராகக் குறைக்காமல், நெரிசல் நேரத்தில் உங்களை வரிசையில் பின்னால் தள்ளுவது. காலையில் நன்றாக ஓடும், ராத்திரி ஏழிலிருந்து பதினொன்று வரை தவழும். நீங்கள் பகலில் பள்ளிக்கூடத்தில் இருப்பவர், உங்கள் வீடு நெட்டைத் தேடுவதே அந்த நாலு மணி நேரத்தில்தான். எனவே டீலரிடம் "ஸ்பீடு என்ன" என்று கேட்காமல், "டேட்டா தீர்ந்த பிறகு ராத்திரி எட்டரை மணிக்கு எவ்வளவு வரும்" என்று கேளுங்கள். அதை எழுத்தில் தரச் சொல்லுங்கள். இரவு டேட்டா தனியாக உண்டா என்றும் கேளுங்கள். அமெரிக்காவில் ஹியூஸ்நெட் என்ற சாட்டிலைட் கம்பெனி ராத்திரி 2 மணியிலிருந்து காலை 8 மணி வரை போனஸாக 50 ஜிபி தனியே கொடுத்து வந்தது. அப்படி ஏதாவது இருந்தால் போன் அப்டேட், கேம், டவுன்லோடு எல்லாவற்றையும் அந்த நேரத்துக்குத் தள்ளிவிடலாம்.

அடுத்து, அந்த டீலர் விற்பது எந்த வானத்தை? இதைக் கேட்காமல் பிளானைப் பற்றிப் பேசவே முடியாது. பெட்ரோல் பங்க், ஏடிஎம் கூரைகளில் பார்க்கும் வெள்ளைத் தட்டு, பூமியிலிருந்து 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் செயற்கைக்கோளோடு பேசுகிறது. ஹியூஸ் கம்யூனிகேஷன்ஸ் இந்தியா 2022 செப்டம்பரில் ஜிசாட்-11, ஜிசாட்-29 வழியாகத் தொடங்கிய அதிவேக சேவை இந்த வகை. கேள்வி மேலே போய்க் கீழே இறங்கி, பதில் மறுபடி மேலே போய் இறங்க அரை நொடிக்கு மேல் ஆகும். படம் பார்க்க இது தெரியாது, ஏனென்றால் முன்கூட்டியே சேர்த்து வைத்து ஓட்டுவார்கள். மகள் வகுப்பில் சந்தேகம் கேட்டால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசி நிறுத்துவார்கள், பழகிவிடும். மகனின் ஆன்லைன் கேம் மட்டும் நடக்காது. (இதை நீங்கள் குறை என்று எண்ணுவீர்களா என்று தெரியவில்லை.)

ஸ்டார்லிங்க் சுமார் 550 கிலோமீட்டர் உயரத்தில் ஓடுகிறது. தாமதம் கிட்டத்தட்ட ஃபைபர் மாதிரி, கேமும் ஓடும். ஆனால் அதன் செயற்கைக்கோள்கள் நிற்காமல் கடந்துகொண்டே இருப்பதால் டிஷ்ஷுக்கு அகலமான திறந்த வானம் வேண்டும். பலா, புளி மரங்களுக்கு நடுவே வீடு என்றால் சில நிமிடத்துக்கு ஒருமுறை படம் திணறும். முதல் வகைக்கு அந்தக் கவலை குறைவு. நம் பக்கத்திலிருந்து பார்த்தால் அந்தச் செயற்கைக்கோள்கள் தென்மேற்குப் பக்கம் சாய்ந்து, வானில் உயரத்தில் ஒரே இடத்தில் இருப்பதால், மரங்களுக்கு இடையே ஒரு திறப்பு போதும். (உங்கள் ஊர் இருக்கும் அதே ஜவ்வாது மலையில் காவலூரில் 2.34 மீட்டர் தொலைநோக்கி வைத்து வானம் பார்ப்பவர்களுக்கு, ஸ்டார்லிங்கின் இந்தத் தாழ்வான செயற்கைக்கோள் கூட்டம் அவ்வளவு சந்தோஷமான செய்தி இல்லை. அது வேறு கதை.)

மழை இரண்டையும் பாதிக்கும். ஆடி, ஆவணியில் சாயங்கால இடிமழையிலும், ஐப்பசி அடைமழையிலும் டிடிஎச் படம் கட்டம் கட்டமாக உடைவதைப் பார்த்திருப்பீர்கள், அதேதான். டீலர் கா-பேண்ட் (சாட்டிலைட் அலைவரிசையில் ஒரு வகை) என்று சொன்னால், அது டிடிஎச் வரும் கூ-பேண்டை விட மழைக்கு இன்னும் பலவீனம். மகளுக்கு மாதிரித் தேர்வு இருக்கும் நாளில் மழை வந்தால் மொட்டைமாடியின் அந்த ஒரு கோடு சிக்னல்தான் துணை, அதனால் போன் ரீசார்ஜை நிறுத்திவிடாதீர்கள். டிஷ்ஷுக்கு எர்த் சரியாகக் கொடுங்கள். கேபிளை பிவிசி குழாய்க்குள் விடுங்கள், மலையில் குரங்குக்குத் தொங்கும் ஒயர் என்றால் அவ்வளவு பிரியம்.

யாரும் சொல்லாத ஒரு செலவு கரண்ட். ஸ்டார்லிங்கின் சாதாரண வீட்டு செட் 75 முதல் 100 வாட் இழுக்கும். நாள் முழுவதும் போட்டால் இரண்டு மாதத்துக்கு 108-லிருந்து 144 யூனிட். மின்வாரியம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை தரும் இலவச 100 யூனிட் அந்த டிஷ்ஷுக்கே போதாது. ராத்திரி பதினொன்றிலிருந்து காலை ஐந்து வரை அணைத்து வைத்தால் கால்வாசி மிச்சம். கரண்ட் போனால் நெட்டும் போகும் என்பதால் இன்வெர்ட்டரிலும் இந்தச் சுமையைச் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

இவ்வளவு சொன்ன பிறகும், பார்க்கிற படமெல்லாம் சாட்டிலைட் வழியாக வரும் வீடு என்பது எனக்குப் பிடித்த ஏற்பாடு இல்லை. வேறு எதுவும் எட்டாத இடத்துக்குத்தான் அது. உங்கள் ஊர் அப்படிப்பட்ட இடமா என்பதே எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. மாடியில் ஒரு கோடு வருகிறது என்கிறீர்கள். அங்கே ஒரு கம்பம் நட்டு, வெளி ஆன்டெனா உள்ள 4ஜி ரவுட்டர் வைத்தால் ஒரு கோடு மூன்றாகலாம். யாரிடமாவது இரவல் வாங்கிச் சோதித்துவிட்டு வாங்குங்கள். அடுத்து ஊராட்சி அலுவலகத்தில் கேளுங்கள்: மாநிலத்தின் 12,525 ஊராட்சிகளுக்கும் ஃபைபர் கொண்டுபோகும் பாரத்நெட் வேலையைத் தமிழ்நாடு ஃபைபர்நெட் கழகம் செய்கிறது. உங்கள் ஊராட்சிக்கு அது வந்து எரிகிறதா, பெட்டி மட்டும் சுவரில் தொங்குகிறதா என்று நேரில் பார்க்க வேண்டும்.

எனக்கு அதிக நம்பிக்கை இருப்பது மூன்றாவது வழியில். உங்கள் ஊர் மேட்டில் ஏறி நின்றால் ராத்திரியில் ஒடுகத்தூர் விளக்குகள் தெரிகின்றனவா? தெரிந்தால், கீழே ஃபைபர் வைத்திருக்கும் கேபிள் ஆபரேட்டர் அவர் மாடியில் ஒரு ரேடியோ, உங்கள் மேட்டில் ஒரு ரேடியோ வைத்து ஃபைபரின் நெட்டையே காற்றில் அனுப்ப முடியும். 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு 2018-லிருந்து தனி உரிமம் தேவையில்லை. சில கிலோமீட்டர் தூரத்துக்கு மழையும் பெரிதாகத் தொந்தரவு செய்யாது. பிஎஸ்என்எல்லின் ஏர்ஃபைபர் சேவையும் உள்ளூர் ஆபரேட்டர்களை வைத்து இப்படித்தான் நடக்கிறது. நடுவே மரக்கிளை ஆடாமல் பாதை துப்புரவாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். இரண்டு ரேடியோவுக்கும் கம்பத்துக்கும் முதலில் ஒரு செலவு ஆகும். ஊரில் ஐந்தாறு வீடு சேர்ந்தால் ஆபரேட்டரே போட்டுக் கொடுக்க முன்வருவார். நீங்களாக ஒரு இணைப்பு வாங்கி ஊருக்குப் பிரித்து விற்காதீர்கள், அதற்கு உரிமம் வேண்டும். அவர் பெயரில், அவர் பில்லில் நடக்கட்டும். இது அமைந்தால் மேலே போட்ட ஜிபி கணக்கு முழுவதையும் தூக்கிப் போட்டுவிட்டு மாமனார் ஆப்பிலேயே மேட்ச் பார்க்கலாம்.

முன்பணத்துக்கு வருகிறேன். ஸ்டார்லிங்குக்குத் தொலைத்தொடர்புத் துறை உரிமம் கொடுத்தது 2025 ஜூனில், தனியார் விண்வெளிச் சேவைகளுக்கு அனுமதி தரும் மத்திய அமைப்பான இன்-ஸ்பேஸின் அனுமதி ஜூலையில். உரிமம் வாங்குவது வேறு, அலைக்கற்றை பெற்று வீட்டுக்கு விற்பது வேறு. 2025 டிசம்பரில் மாதம் 8,600 ரூபாய், செட் 34,000 ரூபாய் என்று ஒரு விலை எல்லா வாட்ஸ்அப் குழுவிலும் சுற்றியது. இணையதளத்தில் சோதனைக்குப் போட்டிருந்த எண்கள் தவறுதலாக வெளியே தெரிந்துவிட்டன, இது விலை இல்லை என்று கம்பெனியே மறுத்தது. எந்தக் கம்பெனியாக இருந்தாலும், அதன் சொந்தத் தளம் உங்கள் பின்கோடை ஏற்றுக்கொண்டு ஆர்டர் எடுத்து ரசீது தரட்டும். அது நடக்கும் வரை நடுவில் இருப்பவரிடம் ஒரு ரூபாயும் வேண்டாம்.

தம்பி கொண்டுவரும் செட் அதைவிட மோசம். அனுமதியில்லாத சாட்டிலைட் கருவியைக் கொண்டுவந்து வைத்திருப்பதே இங்கே சட்டச் சிக்கல், விமான நிலையத்திலேயே பிடித்து வைப்பார்கள். தப்பி வந்தாலும் அது வேலை செய்யும் என்று நம்ப முடியாது. 2024 டிசம்பரில் மணிப்பூரில் அப்படி ஒரு கருவி பிடிபட்டபோது, இந்தியாவின் மேல் எங்கள் அலைகளை நிறுத்தியே வைத்திருக்கிறோம் என்று எலான் மஸ்க் பதில் சொன்னார். இங்கே பயன்படுத்த இந்தியாவில் பதிவான செட், ஆதார் மாதிரி ஒரு அடையாளச் சான்று கொடுத்து உங்கள் பெயரில் எடுத்த இணைப்பு இரண்டும் வேண்டும். நீங்கள் அரசு ஊழியர், இந்த வம்பு உங்களுக்கு எதற்கு? தம்பிக்குச் செலவழிக்க ஆசை என்றால் மாமனாருக்கு டிடிஎச்சும் ஆட்டுப்பட்டிக்கு மெமரி கார்டு கேமராவும் வாங்கித் தரட்டும்.

முதலில் மேட்டில் ஏறிப் பாருங்கள். அடுத்த வெள்ளிக்கிழமை சந்தைக்கு இறங்கும்போது ஒடுகத்தூரில் ஃபைபர் கொடுக்கும் கேபிள் ஆபரேட்டரைப் பார்த்துப் பேசச் சொல்லுங்கள். விளக்கு தெரியவில்லை, 4ஜி ஆன்டெனாவும் கைகொடுக்கவில்லை, ஊராட்சிப் பெட்டியும் எரியவில்லை என்றால் 200 ஜிபி பிளான், தீர்ந்த பிறகு 2 எம்பிபிஎஸ்ஸுக்குக் குறையாதது, மூன்று மாதத்துக்கு மேல் ஒப்பந்தம் கேட்காதது. டீலர் எழுத்தில் கொடுத்த தாளைப் படமெடுத்து அனுப்பினால் சின்ன எழுத்தைப் படித்துச் சொல்கிறேன்.